பாதி வரைக்கும்தான் சொன்னேன்

நெய்வேலியில பிளாக்குன்னா குடியிருக்கிற இடம். "நீங்க எந்த பிளாக்கு?"ன்னு கேட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாங்க. எனக்கு அப்ப எந்த பிளாக்கும் கிடையாது. நான் கான்ட்ராக்ட் ஃபிட்டர். மந்தாரக்குப்பத்துல ஒரு ஓட்டு ரூம்ல இன்னும் மூணு பேரோட படுத்துக்கினு இருந்தேன். கல்யாணம் ஆகி ஒரு வருஷம். பொண்டாட்டி கம்மாபுரத்துல அவ அண்ணன் வூட்டுல. பெர்மனென்ட் ஆனாத்தான் குவார்ட்டர்ஸ், குவார்ட்டர்ஸ் வந்தாத்தான் அவ வருவா. வாராவாரம் சைக்கிள்ல போயி விருந்தாளி மாதிரி சாப்ட்டுட்டு, வாசல்ல நின்னு "வர்றேன்"னு சொல்லிட்டு திரும்பி வர்றது. கட்டின பொண்டாட்டிகிட்ட சொல்ற வார்த்தையா அது?

இந்த நேரத்துலதான் எங்க இன்ஜினீயர் என்னைக் கூப்பிட்டார். பெரிய மெஷினுங்களை இறக்கி நிறுத்தற செக்‌ஷன் அவரோடது. மனுஷனுக்குக் கார் பந்தயப் பைத்தியம். மெட்ராஸுக்கு அந்தாண்ட பழைய விமான ஓடுதளத்துல பந்தயம் நடக்கும், அதுக்குன்னே ஒரு பழைய வெளிநாட்டுக் கார் வெச்சிருந்தார். இன்ஜினுக்கு இன்னும் பலம் வேணும்னு சிலிண்டரைப் பெருசா குடைஞ்சு வெச்சுட்டார். சுவர் மெலிஞ்சு போச்சு. அப்படியே ஓட்டினா அதிர்ந்து விரிசல் விட்டுரும்.

"சிலிண்டரைச் சுத்தி தண்ணி ஓடற இடம் இருக்கு பார், அதுல கீழ்ப்பாதிக்கு சிமெண்ட் ஊத்தணும். சுவர் ஆடாது. மேல்பாதியில தண்ணி ஓடணும், இல்லன்னா சூடு தாங்காது"ன்னார். ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்துல படிச்சாராம். அப்புறம் சொன்னார் பாருங்க, அதுதான் என்னை மாட்டிவிட்டது. "செக்‌ஷனுக்கு நல்ல கை உள்ள ஆள் ஒருத்தனைப் பெர்மனென்டா எடுக்கப் போறோம். இந்த வேலையைப் பாத்துட்டு எழுதி அனுப்பறேன்." சொல்லிட்டு நாலு நாள் மெட்ராஸ் போயிட்டார்.

அவரோட கார் ஷெட்ல அந்த இன்ஜின் பிளாக்கு மேஜை மேல உக்காந்திருந்துச்சு. மேல் பக்கம் திறந்த மாதிரி, ஒரு தொட்டிக்குள்ள நாலு குழாய் நிக்கிறாப்பல இருக்கும். எனக்கு இரும்புன்னா தெரியும். சிமெண்ட்டு? ஒரு நாளும் தொட்டதில்ல. காத்து புகுந்து உள்ள பொத்தல் விழுந்தா அவ்வளவுதான். அதனால மச்சானைக் கூப்பிட்டேன். பொண்டாட்டியோட அண்ணன், கொத்தனார், கம்மாபுரத்துலேர்ந்து டவுன்ஷிப்புக்குக் கூலிக்கு வர்றவர். புத்தி கெட்டுப் போயி கூப்பிட்டேன்.

சிலிண்டர் ஓட்டையையும் போல்ட்டு ஓட்டையையும் துணி வெச்சு அடைச்சேன். பிளாக்கோட வெளிப்பக்கம் சுத்தி சாக்பீஸால கோடு போட்டேன். "மச்சான், இந்தக் கோட்டுக்கு மேல ஒரு சொட்டு கூடாது"ன்னேன். "ஆவட்டும் மாப்ள, நீங்க ஷிஃப்ட்டுக்குப் போங்க"ன்னார். ரெண்டு மணி சங்கு ஊதிடுச்சு. ஓடினேன்.

மறுநாள் காலையில வந்து பாக்கறேன். பிளாக்கு மேல ஈரச்சாக்கு போத்திட்டு, பக்கத்துல மச்சான் உக்காந்திருந்தார். சாக்கை எடுத்தேன். பாதியா? விளிம்பு வரைக்கும்! கண்ணாடி மாதிரி இழைச்சு, ஒரு மூலையில பிள்ளையார் சுழி வேற போட்டு வெச்சிருந்தார் அந்தப் புண்ணியவான்.

"கோடு போட்டேனே மச்சான், கோடு!"

"இன்னா கோடு மாப்ள?"

"சாக்பீஸ் கோடு!"

பிளாக்கைச் சுத்திச் சுத்தி வந்து பாத்தார். நிஜமாவே தேடறார். அப்புறம் தலையைச் சொறிஞ்சுக்கினு, "சிமெண்ட் போடறதுக்கு மின்ன நல்லா தண்ணி அடிச்சுக் கழுவினேன். அதுல போயிருக்கும்"ன்னார்.

"கழுவச் சொன்னது யாரு?"

"இன்னா மாப்ள கேக்கறீங்க? தண்ணி அடிக்காம எவனாச்சும் சிமெண்ட் போடுவானா?"

"பாதின்னு வாயாலயும் சொன்னேனே!"

"கோடுன்னுதான் சொன்னீங்க. கோடு இல்ல. சரி, பாதியில நிறுத்தினா வேலை அசிங்கமா இருக்குமேன்னு முழுசா முடிச்சேன். குச்சி வுட்டுக் குத்தி, மரச்சுத்தியால தட்டித் தட்டி ஒரு பொட்டு காத்து இல்லாம எடுத்துட்டேன். வேணும்னா ஒடைச்சுப் பாருங்க."

உடைக்கத்தானே முடியல! விரல் நுழையற சந்துல உளியை வெச்சு ரெண்டு தட்டு தட்டினேன். சிலிண்டர் சுவர் கிண்ணுன்னுச்சு. அடுத்த தட்டுக்கு அதுவே விரிஞ்சிரும். எங்கயாவது ஒரு பொத்தல் இருந்தா அதைப் பிடிச்சாவது பேத்திருப்பேன். மச்சான் ஒண்ணாச்சும் விட்டு வெச்சாத்தானே. உளியைத் தூக்கிப் போட்டுட்டு, வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் பாட்டுக்கு சாக்கை நனைச்சுத் திரும்பப் போத்தினார். "மூணு நாளாச்சும் ஈரம் காயக் கூடாது மாப்ள"ன்னார். எனக்கு அழுகையா வந்துச்சு. என் பெர்மனென்ட், என் குவார்ட்டர்ஸ், எல்லாம் அந்தச் சாக்குக்குக் கீழ இறுகிக்கினு இருந்துச்சு.

சனிக்கிழமை இன்ஜினீயர் வந்தார். சாக்கை எடுத்தார். விரலால தடவினார். காருக்குப் போயி ரசமட்டத்தை எடுத்துட்டு வந்தார். நீளவாட்டுல வெச்சார், குறுக்க வெச்சார், மூலைக்கு மூலை வெச்சார். குமிழி நட்டநடுவுல நின்னுச்சு, எந்தப் பக்கமும் நகரல.

"யாருடைய வேலை இது?"ன்னார்.

சிக்கிட்டோம்னு நெனச்சேன். "என் மச்சான் சார், கொத்தனார். நான் பாதின்னுதான் சார் சொன்னேன். அவராத்தான் முழுசா ஊத்திட்டார்."

"நீ கை வைக்கலையா?"

"சத்தியமா இல்ல சார். நான் தொடவே இல்ல சார்."

அட என் வாயே! அந்த வாயில கொள்ளிக்கட்டையை வெக்கணும்.

"மெஷினுக்கு அடியில ஊத்தற சிமெண்ட் இப்படி மட்டமா வரணும்னு ஆறு மாசமா ஆள் தேடறேன்"ன்னார். "திங்கக்கிழமை அவரைக் கூட்டிட்டு வா."

இன்ஜினை என்ன பண்றதுன்னு நான்தான் தலையைப் பிச்சுக்கிட்டேன். கீழே தண்ணி போக வழியில்ல. ஒரு குழாயை வளைச்சு, தண்ணியை நேரா மேல் மூடிக்கு மட்டும் விட்டேன். ரொம்ப நேரம் ஓடற பந்தயத்தை விட்டுட்டு, ஒரே ஓட்டத்துல முடியற பந்தயத்துல இன்ஜினீயரை இறங்கச் சொன்னேன். இறங்கினார். இன்ஜின் விரிசல் விடல, சூட்டுல நிக்கவும் இல்ல. திரும்பி வந்து என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? "உன் மச்சான் ஊத்தின சிமெண்ட் அசையவே இல்லப்பா!" என் குழாயைப் பத்தி ஒரு வார்த்தை? ம்ஹூம்.

அந்த ஒரு எடம் மச்சானுக்குப் போச்சு. பெர்மனென்ட். அடுத்தது குவார்ட்டர்ஸ். தனிக்கட்டை, சமைச்சுப் போட ஆள் வேணும்னு தங்கச்சியைக் கூட்டிக்கிட்டார். பொண்டாட்டி நெய்வேலிக்கு வந்துட்டா, நான் ஆசைப்பட்டபடியே. "நீங்களும் வந்துடுங்க மாப்ள"ன்னார். பெட்டியைத் தூக்கிக்கினு போனேன். வேற என்ன பண்ண?

எங்களுக்குன்னு ஒதுக்கின பின்பக்க ரூம்ல தரை பேந்து கிடந்துச்சு. முதல் ஞாயித்துக்கிழமையே கரண்டியும் சிமெண்ட்டுமா வந்து குத்துக்கால் போட்டு உக்காந்தார். தண்ணி அடிச்சுக் கழுவினார். அப்புறம் என்னை நிமிர்ந்து பாத்து, முகத்துல ஒரு சிரிப்பும் காட்டாம, "மாப்ள, கோடு போட்டீங்கன்னா அதுவரைக்கும் பூசிடுவேன்"ன்னார்.

பொண்டாட்டி வாயைப் பொத்திக்கிட்டு அடுப்படிக்கு ஓடினா. அங்கேர்ந்து சிரிப்பு கேட்டுச்சு. ஒரு வருஷத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல.

"முழுசாவே பூசுங்க மச்சான்"னேன்.