இன்னொரு தடவை

அக்கா குவளையில் வெந்நீர் பிடித்து, தன் மணிக்கட்டில் நாலு சொட்டு விட்டுப் பார்க்கிறார். மறுபடியும் நாலு சொட்டு. அப்புறம்தான் சக்கர நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் தலையில் ஊற்றுகிறார். மூளையின் மின்னலைகளைப் பிடிக்கும் தொப்பியைக் கழற்றினால் முடியெல்லாம் பசை அப்பிக் கிடக்கும். கழுவிவிட ஆள் உண்டு. அக்கா விடமாட்டார்.

மூளை ஆராய்ச்சியில் அவர் பெரிய கை. அந்த ஆய்வகத்துக்குக் கணினி பழுதுபார்க்கப் போகும் எனக்கோ அவர் 'இன்னொரு தடவை' அக்கா. வார்த்தைக்கு வார்த்தை அதுதான். கதவைப் பூட்டினால் இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். நான் சரிசெய்த கணினியை என் கண்ணெதிரிலேயே மூன்று முறை அணைத்துப் போடுவார். எரிச்சலாகத்தான் இருக்கும்.

நாற்காலிக்காரர் பேருந்து ஓட்டியவர். மூளையில் ரத்தம் கசிந்து இரண்டு வருடமாக விரல் அசையவில்லை, இமைகூட அவர் சொன்னபடி கேட்பதில்லை. உள்ளே நினைவு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மனைவிக்கு மட்டும் அதில் சந்தேகமே கிடையாது.

'ஆமாம்' என்றால் வலது கையை அசைப்பதாக நினைக்க வேண்டும், 'இல்லை' என்றால் காலை. கணினி அந்த நினைப்பைப் படித்துத் திரையில் காட்டும். விடை தெரிந்த கேள்விகள் பத்து. குறைந்தது எட்டு சரியாக வந்தால்தான் அக்கா நம்புவார். ஏழு மாதமாக ஐந்து, இல்லாவிட்டால் ஆறு. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும்.

நடுவில் ஒருநாள் ஸ்கேன் படத்தில் மூளையின் ஓரிடம் வேலை செய்வதுபோலச் சிவந்து தெரிந்தது. மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்குக் கேக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. எனக்கு அது போதும்."

"நான் சொன்னா அது என் வார்த்தையாப் போயிடும்மா. அவர் சொல்லட்டும். இன்னொரு தடவை பாப்போம்."

கல்நெஞ்சுக்காரி என்று மனத்துக்குள் திட்டினேன். அன்று அக்காவின் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியதையும் பார்த்தேன்.

போன வாரம் ஒன்பது வந்தது. அக்கா ஒப்பவில்லை. கேள்விகளை மாற்றிப் போட்டு இன்னொரு தடவை கேட்டார். மறுபடியும் ஒன்பது. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதையாவது கேளுங்கள் என்று அக்கா சொன்னபோது, நீங்களே கேளுங்கள் என்று கை காட்டினார்.

தொப்பியைக் கழற்றப் போன அக்கா கையை எடுத்துவிட்டார். குவளையில் வெந்நீர் பிடித்து வந்தார். வழக்கம்போலத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார். பிறகு அதே தண்ணீரை நாற்காலிக்காரரின் புறங்கையில் கொஞ்சம் விட்டார்.

"இவ்வளவு நாளா நானே பாத்துக்கிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க. சூடு அதிகமா இருக்கா?"

மூவரும் திரையையே பார்த்தோம். பத்து விநாடி கழித்து எழுத்து வந்தது: ஆமாம்.

இன்னொரு தடவை கேட்பார் என்று காத்திருந்தேன். அக்கா கேட்கவில்லை. குவளையோடு குழாயடிக்குப் போய்ப் பச்சைத் தண்ணீர் கலந்தார்.