கடலைச் சலித்த நைனா பாய்

நைனா பாய் போய்விட்டார்.

காலையில் கோட்டைப்பட்டினத்திலிருந்து அவர் மகன் போன். "மாமா... அத்தா மவுத்தாயிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அடக்கம்."

இனி நான் சொல்லப்போகும் கதையை ஒருத்தரும் நம்பப் போவதில்லை. என் பதிவுகளில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுப் படிக்கிறவர்கள் நீங்கள். ஆனாலும் கந்தர்வக்கோட்டையில் இருக்கும் என் முந்திரித் தோப்பின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்...

நைனா பாய்க்குப் பாதி ஆயுசு துபாயில், பீச் சுத்தம் செய்யும் வேலையில் போனது. எல்லாரும் தங்கத்தோடு வந்து இறங்க, இவர் மட்டும் தங்கத்தைத் தேடும் மெஷினோடு வந்து இறங்கினார். மெட்டல் டிடெக்டர். தண்ணீருக்குள்ளும் போகும்.

ஊர்க்காரர்கள் அதை ஊன்றுகோல் என்று நினைத்து, "என்ன பாய், கால்ல அடியா?" என்று துக்கம் விசாரித்தார்கள்.

மணமேல்குடி கோடியக்கரைக் கடல் தெரியும்தானே. முழங்கால் தண்ணீரிலேயே நடந்து இலங்கைக்குப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். நான் போயிருக்கிறேன். டீ சுமார்.

அமாவாசைக்கு முழுக்குப் போட வருகிறவர்கள் அங்கே மோதிரத்தையும் கம்மலையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டு நிற்பார்கள். யாராவது பாய்க்குப் போன் போடுவார்கள். மெஷினைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு மொபெட்டில் வருவார்.

ஒரு தை அமாவாசையில் அப்படி அழுதுகொண்டு நின்றவள் என் தங்கை செல்வி.

அவள் வீட்டுக்காரர் அப்போது மஸ்கட்டில், ஆஸ்பத்திரியில். நெஞ்சில் அடைப்பு. மறுநாள் ஆபரேஷன். அவருக்காக வேண்டிக்கொண்டு முழுக்குப் போட வந்தவள்.

தாலிக்கயிறு நைந்துதான் இருந்தது. ஆடிப்பெருக்குக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருந்தாள். முங்கி எழுந்தாள்... கயிறு இல்லை. தாலி இல்லை. கயிற்றில் கோத்திருந்த பொன் குண்டுகளும் இல்லை.

"வா, இப்பைக்கு மஞ்சளைக் கட்டிக்கலாம்" என்றேன்.

"நாளைக்கு அவரு நெஞ்சைத் தொறக்கப் போறாங்கண்ணே. இதத் தொலைச்சுப்புட்டு நான் கரையேறவா?" அப்படியே தண்ணீரில் நின்றுவிட்டாள்.

பாய் வந்தார். தொப்பிக்கு மேல் ஹெட்போனை மாட்டினார். கடலை ஒரு பார்வை பார்த்தார். கடல் நாலடி பின்வாங்கியதை நான் கண்ணால் கண்டேன்.

சவுக்குக் குச்சிகளை நட்டு, கயிறு கட்டி, பாத்தி பாத்தியாகப் பிரித்துத் தேடினார். நான் துணைக்கு இறங்கினேன். இறங்கியதுதான் தாமதம், மெஷின் அலறியது.

"பாய்! சோழர் கப்பல்!" என்று நான் போட்ட சத்தத்தில் கரையில் இருந்த கூட்டமே தண்ணீருக்குள் வந்துவிட்டது.

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, ஒங்க கப்பல் இடுப்புல இருக்கு. அந்த வெள்ளி அரைஞாணைக் கழத்தி வச்சுட்டு வாங்க. இல்லாட்டி நீங்களும் கரையேறிருங்க."

அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் செல்வி சிரித்துவிட்டாள்.

அமாவாசைக் கடலில் மெஷினை எங்கே வைத்தாலும் காசுதான் கத்தும். செத்துப்போனவர்களை நினைத்து ஆளாளுக்குப் போடுகிற காசு. பாய் ஒவ்வொன்றையும் சல்லடையில் அள்ளி, பார்த்து, தேடி முடித்த பக்கமாகத் தண்ணீரிலேயே திரும்பப் போட்டார்.

"எதுக்கு பாய், பையில போட்டுக்கங்க" என்றேன்.

"யாரோ அவுங்க அப்பனுக்குப் போட்டது தம்பி. நமக்கு வந்த தபாலா இது?"

பொழுது சாயும்வரை தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில் செல்வி பக்கத்தில் போய் நின்றார்.

"ஆத்தா, நீ நிக்கிற எடத்துல ஒன் மெட்டிதான் கத்துது. ஏறிப் போ. மாப்பிள்ளைக்குப் போன் போட்டுப் பேசு. நான் தேடித் தாறேன்."

அதற்குப் பிறகுதான் ஏறினாள். மஞ்சளைக் கட்டிக்கொண்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

பாய் விடவில்லை. தண்ணீர் வற்றுகிற நேரமெல்லாம் அங்கேயே கிடந்தார். "அவரு ஊருக்கே வந்துட்டாரு பாய், புதுத் தாலியும் போட்டாச்சு, விட்டுருங்க" என்று நானே சொன்னேன்.

"தாறேன்னுட்டேன்ல தம்பி."

அப்புறம் ஒருநாள் ஆள் உயரச் சுறா ஒன்று தாலியைக் கவ்விக்கொண்டு வந்து, பாய் காலடியில் வைத்து, சலாம் போட்டுவிட்டுப் போனது. பார்த்த சாட்சி நான் ஒருவன்தான்...

இன்று மத்தியானம் கோட்டைப்பட்டினம் போயிருந்தோம். பெண்கள் பக்கம் செல்வி கழுத்துத் தாலியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

பாயைக் கிடத்தியிருந்த சந்தூக்கைத் தூக்கியபோது மாப்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் முன்பக்கம் தோள் கொடுத்தார். "கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காருல்ல" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளிவாசல் வரை தோள் மாற்றவும் இல்லை.

போய் வாங்க பாய். அங்கிட்டுக் கடல் இருந்தால், தண்ணி கலங்காமல் இருக்கட்டும்.

கடல் பின்வாங்கியது பொய். சுறா பொய். இலங்கையில் குடித்த டீயும் பொய். தாலி இன்னும் கடலுக்குள்தான் கிடக்கிறது.

ஒருநாள் மொபெட்டில் கந்தர்வக்கோட்டை வரைக்கும் வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு தாலிக்குண்டு. மிளகு அளவு. கைப்பிள்ளையாக இருந்தபோது செல்வி மகன் கடித்த பல் தடம் அதில் இருந்தது. தன்னுடையதுதான் என்று செல்வி பார்த்ததுமே சொல்லிவிட்டாள்.

"மீதியையும் பாக்குறேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

அது மட்டும் நிஜம்.