நன்றியுரை முடியும் வரை

எந்த விழாவிலும் நன்றியுரை என்று மைக்கில் சொன்னதுமே நாற்காலிகள் நகரும் சத்தம் தொடங்கிவிடும். மைசூரில் அதை வந்தனார்ப்பணை என்பார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் ஜனம் எழுந்து சாப்பாட்டுப் பக்கம் போவது ஒன்றுதான். நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். "எல்லாரும் போயாச்சு, இன்னும் யாருக்காக உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டுக் கேட்டு என் மனைவிக்கே அலுத்துவிட்டது. எனக்கும் இந்த வயதில் இடுப்பு வலிக்கத்தான் செய்கிறது.

ஒரு காலத்தில் என்னை வேலைக்கு வைத்திருந்த துணைத் தூதர் அம்மாள் ஒரு சின்ன நாட்டின் பிரதிநிதி. நம்மோடு அவர்களுக்குச் சண்டையும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி வியாபாரமும் இல்லை. நட்பு மட்டும் உண்டு. நட்பு நாட்டில் தூதராக இருப்பதைப் போல அலுப்பான வேலை வேறில்லை என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அலுவலகம் பெங்களூரில். அவர்கள் நாட்டுப் பிள்ளைகள் மைசூரில் படித்ததால் மாதம் இரண்டு முறையாவது இங்கே வருவார். இங்கே அவருக்கு மொழிபெயர்ப்பு, வண்டி, நேரம் எல்லாம் பார்க்க வைத்திருந்த ஆள் நான். நஞ்சன்கூட்டில் கல்லூரி ஆண்டு விழா, குண்டலுபேட்டையில் பூ விவசாயிகள் கூட்டம், அக்ரஹாரத்தில் ஏதோ ஒரு சபையின் வெள்ளி விழா. போகிற இடமெல்லாம் ஜரிகைத் தலைப்பாகையைத் தலையில் வைத்து, சால்வை போர்த்தி, பழக்கூடையைக் கையில் கொடுப்பார்கள். பிறகு ஒரு மரக்கன்று. மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை புரியாத பேச்சையெல்லாம் அவர் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து காதில் சொல்லிக்கொண்டிருந்த எனக்கே தூக்கம் வரும்.

இதெல்லாம் எதற்கு என்று ஒருநாள் திரும்பி வரும்போது கேட்டேன். "உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. என்றைக்கோ ஒருநாள் ஒரு கதவைத் தட்ட வேண்டிவரும். திறக்கிறவருக்கு என் முகம் தெரிந்திருக்க வேண்டும்" என்றார். சொல்லிவிட்டு, மடியில் இருந்த பழக்கூடையைப் பிடித்தபடியே தூங்கிப்போனார்.

அந்த நவம்பரில் அரசு ஊழியர் சங்கம் ஒன்று, கர்நாடக மாநிலம் உருவான நாளைக் கொண்டாடும் ராஜ்யோத்சவ விழாவுக்கு அழைத்திருந்தது. காலையிலிருந்து அது மூன்றாவது மேடை. பேச்சாளர்கள் மைக்கை விடுவதாக இல்லை. அம்மாள் நெற்றியைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தேன். நன்றியுரைதானே பாக்கி, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்து, அவசர வேலை என்று தலைவரிடம் ஒரு பொய் சொல்லி அவரைக் கிளப்பிவிட்டேன். அவர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். கையில் ஒரு தாளோடு மைக்குக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நான் கார் கதவைத் திறந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, அவர்கள் நாட்டு மாணவி ஒருத்தியின் தாய் சொந்த ஊரில் ஆஸ்பத்திரியில் சாகக் கிடப்பதாகச் செய்தி வந்தது. மாணவியின் விசா புதுப்பிக்கப்படாமல் நிலுவையில் இருந்தது. வெளியேற அனுமதிக் கடிதம் இல்லாமல் விமானம் ஏற முடியாது. சாதாரணமாக இரண்டு நாளில் கிடைப்பது நான்கு நாளாகியும் கிடைக்கவில்லை. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஃபைல் ஒரு சூப்பரிண்டெண்டின் மேசையில் இருந்தது. அன்று விழாவில் மைக்குக்குப் பின்னால் தாளோடு நின்றவர் அவர்தான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துக்காரர், நான் தமிழன் என்று தெரிந்ததும் தமிழிலேயே பேசினார்.

"மேடம் எந்திருச்சுப் போனதுக்கு எனக்குக் கோவமெல்லாம் இல்லீங்க. அவிங்க பாசையில ரெண்டு வரி, இங்க வர்ற ஒரு படிக்கிற பொண்ணுகிட்டக் கேட்டுப் பழகி வெச்சிருந்தனுங்க. ஊட்டுல எல்லாரும் வந்திருந்தாங்க. அது போகட்டுமுங்க. ஃபைலு வரிசைப்படிதான வரோணும்?"

அவர் சொன்னதில் விதிக்குப் புறம்பாக ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே வந்து அம்மாளுக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கே வாங்கிவிடலாம் என்றேன். மேலே சொல்லி வாங்கினால் அடுத்த பிள்ளையின் ஃபைலும் இதே மேசைக்குத்தானே வரும் என்று கேட்டுவிட்டு, காலையில் வருகிறேன் என்றார். என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. அன்று அவர் திட்டியிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மறுநாள் அலுவலகம் திறக்கும்போதே வந்து, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினார். ஃபைலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அன்று கேட்காமல் போன நன்றியுரையைக் கேட்க வந்திருப்பதாகச் சொல்லச் சொன்னார், சொன்னேன். சூப்பரிண்டெண்டுக்கு முகம் சிவந்துவிட்டது. மேசை டிராயரைத் திறந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்று படிக்கத் தொடங்கினார். அது நீளமான உரை. தலைவருக்கு நன்றி, பந்தல்காரருக்கு நன்றி, ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி. பக்கத்து மேசைக்காரர்கள் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

பாதியில் என் சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. அந்த மாணவி செய்தி அனுப்பியிருந்தாள். அம்மா போய்விட்டாள் என்று ஒரே வரி. துணைத் தூதர் அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். நான் ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டேன். அவர் மறுபடி சூப்பரிண்டெண்ட் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் அவர்கள் பாஷையில் அந்த இரண்டு வரி வந்தது. அம்மாள் எழுந்து நின்று கைகூப்பிக் கேட்டார். சூப்பரிண்டெண்டின் கண் கலங்கிவிட்டது. உட்கார்ந்து முதல் வேலையாக ஃபைலை எடுத்துக் குறிப்பு எழுதி, தானே உள்ளே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வந்தார். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. "அந்தப் பொண்ணு அம்மாவ நல்லாப் பாத்துக்கட்டுமுங்க" என்று கடிதத்தை என் கையில் கொடுத்தார். நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

காரில் ஏறியதும் அம்மாளிடம் அந்தச் செய்தியைச் சொன்னேன். எப்போது வந்தது என்று கேட்டார். அவர் படித்துக்கொண்டிருந்தபோது என்றேன்.

"நீங்கள் அப்போதே சொல்லியிருந்தாலும் நான் முடியும்வரை கேட்டிருப்பேன்" என்றார்.

பிறகு, அடக்கம் செய்வதற்காவது போய்ச் சேரட்டும், மாலை விமானத்தில் இடம் இருக்கிறதா பாருங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணுக்கு ஃபோன் போட்டார். அவள் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார்.