மாமாவின் தேயிலைப் பெட்டிகள்

என் மாமாவுக்கு மட்டும் லீவே கிடையாது. எஸ்டேட் ஆபீசுக்கு ஞாயிறு உண்டு, ஃபேக்டரிக்குப் பொங்கல் உண்டு, கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் திருவிழா உண்டு. மாமா ஒரு கல்யாணத்துக்குப் போனாலும் தாலி கட்டியதும் பந்திக்குக்கூட உட்காராமல் பஸ் பிடித்து வந்துவிடுவார். எங்கள் வீட்டுப் பின்னறையில் அவர் நல்ல பாம்புகளை வளர்த்துக்கொண்டிருந்தார்.

வளர்த்தார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

சேரங்கோட்டில் அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. அம்மாவின் தம்பியான மாமா அதே ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டு எங்களோடு இருந்தார். இளவயதில் ஒருமுறை, எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்துக்குள் நுழைந்த நல்ல பாம்பை ஒரு குச்சியும் சாக்கும் வைத்துப் பிடித்துவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. விரியனைக் கண்டால் எங்கள் ஊரில் யாரும் யோசிக்க மாட்டார்கள், அடித்துவிடுவார்கள். நல்ல பாம்பை அடித்தால் பாவம், பிள்ளைகுட்டிக்கு ஆகாது. சும்மா விட்டால் நாளைக்கு அதே தேயிலைச் செடிக்குள் கையை விட வேண்டும் என்கிற பயம். இந்தப் பாவத்துக்கும் பயத்துக்கும் நடுவில் எல்லோருக்கும் வசதியாக மாமா கிடைத்தார். "ஏனுங்க, உங்குளுக்கு ஒண்ணு வந்திருக்குதுங்க" என்று ஏதோ மணியார்டர் வந்தது போல வாசலில் வந்து கூப்பிடுவார்கள். அவர் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர்.

காட்டில் கொண்டுபோய் விட்டால் என்ன என்று கேட்பீர்கள். விட்டார். நாடுகாணிக் காட்டுக்குள் இரண்டு முறை விட்டுவிட்டு வந்தார். அடுத்த மாதமே அந்தப் பக்கம் சுள்ளி பொறுக்கப் போன ஒரு பெண் பாம்பு கடித்து இறந்துபோனாள். காட்டில் ஆயிரம் பாம்பு இருக்கும், அது உன் பாம்புதான் என்று யார் கண்டது என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகு எந்தப் பாம்பையும் மாமா காட்டில் விடவில்லை.

தேயிலை அனுப்பும் பலகைப் பெட்டிகள்தான் அவற்றுக்கு வீடு. மேலே பழைய சல்லடைக் கம்பி, அதன்மேல் மூடி, மூடிக்குப் பூட்டு. மழைக்காலத்தில் பெட்டிகள்மேல் சாக்குப் போர்த்துவார். எலிகளைத் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகள் பொறியோடு கொண்டுவந்து தருவார்கள். மாமா இரவு ஷிஃப்டில் இருக்கும் நாட்களில் அந்தப் பொறிகளை அம்மா வாங்கி வைப்பாள். சோறு வடிக்கிற கையால் எலிப்பொறியை வாங்கி வைத்தே அவளுக்குப் பாதி வயது போனது. செத்த பாம்பைப் பாலூற்றிப் புதைப்பதும் மாமாவின் வேலைதான். அப்படிப் புதைத்ததெல்லாம் போக, எனக்கு ஒன்பது வயதானபோது நான்கு மிச்சமிருந்தன.

எனக்கு அவை பெருமை. பள்ளிக்கூடத்தில் என் ஸ்லேட்டை யாரும் தொட மாட்டார்கள், பாம்பு வீட்டுப் பெண் என்று ஒதுங்கி வழிவிடுவார்கள். படிப்பிலோ பாட்டிலோ அந்த மரியாதை எனக்குக் கிடைக்க வாய்ப்பே இல்லை.

மாமாவுக்குக் கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. பெண் கொடுக்க வருகிறவர்கள் பின்னறைச் சீறலைக் கேட்டதும் காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அவருக்கு முப்பத்தாறு வயதானபோது, ஊட்டி காந்தலில் இருந்த பெரியம்மா ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தாள். தையல் டீச்சர். தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டு நின்றவர், அவருக்கும் வயது முப்பதைத் தாண்டியிருந்தது. நகை நட்டு எதுவும் கேட்கவில்லை, ஒரே ஒரு நிபந்தனைதான். "பாம்பு இருக்கற ஊட்டுல மட்டும் என்னால இருக்க முடியாதுங்க" என்று சொல்லியனுப்பியிருந்தார். பெரியம்மாவின் கடிதத்தில் அந்த வரியை மாமா பலமுறை படித்தார். ஒரு வாரம் கழித்து, பாம்புகளை ஊட்டியில் ஒருத்தர் வாங்கிக்கொள்வார் என்று மாமா சொன்னார். யார் அந்த ஒருத்தர் என்று வீட்டில் யாருமே கேட்கவில்லை. தொலைந்தால் போதும் என்று இருந்தது.

தை பிறந்ததும் புறப்பட்டோம். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, அம்மாவும் நானும் மாமாவும் மட்டும். குன்னூருக்கு ஏலத்துக்குத் தேயிலை கொண்டுபோகும் லாரியில் எங்கள் நான்கு பெட்டிகளும் தேயிலையோடு தேயிலையாக ஏறின. நடுவட்டத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது, கிளீனர் அண்ணன் அதில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து பன்னை நனைத்துத் தின்றான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, மாமா என் தொடையைக் கிள்ளினார்.

பெரியம்மா பெட்டிகளை வீட்டுக்குள் விட மறுத்துவிட்டாள். பின்பக்கம் இருந்த தகர விறகுக் கொட்டகையில்தான் இடம் கிடைத்தது. அன்று சாயங்காலம் மாமா தனியாகக் கொட்டகைக்குப் போய் வெகுநேரம் இருந்துவிட்டு வந்தார். "அந்தப் பக்கம் போகாத கண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புக் கொட்டியது போல உறைபனி. எங்கள் சேரங்கோட்டில் மழை உண்டு, அட்டை உண்டு, இந்த மாதிரிப் பனி கிடையாது. எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சளியோடு பெண் வீட்டுக்கு வர வேண்டாம் என்று, தூங்கிக்கொண்டிருந்த பெரியப்பாவின் பொறுப்பில் என்னை விட்டுவிட்டு எல்லோரும் பெண் பார்க்கப் போனார்கள். பெரியப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு மாமா முன்னால் நடந்தார்.

அவர்கள் தலை மறைந்ததும் நான் கொட்டகைக்குப் போனேன். பெட்டியைத் தட்டினேன். எந்தப் பெட்டியைத் தட்டினாலும் சீறல் கேட்க வேண்டும், நான்கில் ஒன்றிலும் கேட்கவில்லை. பூட்டுத் தொங்கிய மூடியின் இடுக்கு வழியே பார்த்தேன். பாம்பு கயிற்றுத் துண்டாகக் கிடந்தது. சாக்குகள் நான்கும் மூலையில் நேர்த்தியாக மடித்து அடுக்கியிருந்தன. இத்தனை குளிரில் சாக்குப் போர்த்த மாமா மறந்துவிட்டாரே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. பெண் பார்க்கப் போகிற அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியம்மா வீட்டில் குளிர்காயக் கரிச்சட்டி ஒன்று இருந்தது. அதைக் கந்தைத் துணி சுற்றித் தூக்கி வந்து பெட்டிகளுக்கு நடுவே வைத்தேன். நான்கு சாக்குகளையும் போர்த்தினேன். சாக்கு போதாத இடத்தில் என் ஸ்வெட்டரைக் கழற்றிச் சொருகினேன். கரி அணையாமல் ஊதிக்கொண்டே இருந்தேன். கண் எரிந்தது, மூக்கில் கரி அப்பியது, சளி போன இடம் தெரியவில்லை. வெயில் தகரத்தில் ஏறிய பிறகு, ஒரு பெட்டிக்குள் பலகையை உரசும் சத்தம் மெல்லக் கேட்டது. பிறகு அடுத்த பெட்டி. கடைசிப் பெட்டி சீறியபோது நான் தனியாகக் கைதட்டிக் குதித்தேன்.

மத்தியானம் வாசலிலிருந்தே பெரியம்மாவின் குரல் கேட்டது. பெண்ணுக்குச் சம்மதமாம், பங்குனியிலேயே வைத்துக்கொள்ளலாமாம். மாமா சிரித்துக்கொண்டு வந்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததே அன்றுதான். நேராகக் கொட்டகைக்கு வந்தார். முதலில் அவர் பார்த்தது சாக்குகளை.

"மாமா, அத்தனையும் செத்தே போயிருக்குமுங்க. நீங்க சாக்குப் போட மறந்துட்டீங்க. நாந்தான் காப்பாத்துனேன்" என்றேன்.

உள்ளே ஒன்று சீறியது. மாமா விறகு பிளக்கும் கட்டைமேல் உட்கார்ந்தார். கையை நீட்டிப் பெட்டியின் பக்கப் பலகையைத் தொட்டுப் பார்த்தார்.

"நாலுமா கண்ணு?"

"நாலுமேங்க மாமா."

"கெட்டிக்காரிதான்" என்றார். என் முகத்திலிருந்த கரியைத் தன் வேட்டி நுனியால் துடைத்துவிட்டார். நான் எதிர்பார்த்த சந்தோஷம் அவரிடம் இல்லை. நடந்து வந்த களைப்பு என்று விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் சமையலறையில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். "புள்ள கரி ஊதி உசுரு குடுத்திருக்குதக்கா. அதயக் கொண்டுபோயி நான் மறுக்காவும் பனியில வெக்கறதா?" என்றார். அம்மா அழுதாள். என் சாமர்த்தியத்தைக் கேட்டு அழுகிறாள் என்று பூரித்துப்போனேன்.

மறுநாள் காலை கோட்டுப் போடாமல் மாமா மட்டும் டீச்சர் வீட்டுக்குப் போனார். இங்கே காப்பி கொதிப்பதற்குள் திரும்பிவிட்டார். கல்யாணம் நின்றுபோனது. புதுப் பாவாடை கிடைக்காமல் போனதற்காக, முகம்கூடப் பார்த்திராத அந்த டீச்சர்மேல் நான் ரொம்ப நாள் கோபமாக இருந்தேன்.

கடைசிப் பாம்பு செத்தபோது நான் கல்லூரி முடித்திருந்தேன். மாமா பாலூற்றிப் புதைத்தார், பெட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்தார், பட்டப்பகலில் படுத்து மறுநாள் வரை தூங்கினார். எழுந்தபோது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது.

என் மாமியார் படுத்த படுக்கையாக ஆறு வருஷம் கிடந்தார். பீயும் மூத்திரமும் நான்தான் அள்ளினேன். ஆறாவது வருஷத்தில் ஒரு மார்கழிச் சாயங்காலம், அவர் கட்டிலுக்கு மேலிருந்த ஜன்னல் திறந்து கிடந்தது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. மூட வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மூலையில் மடித்து வைத்திருந்த அந்த நான்கு சாக்குகள் எனக்கு ஞாபகம் வந்தன. எழுந்துபோய் ஜன்னலை மூடினேன். ஊட்டியில் பாம்புகளை வாங்கிக்கொள்வதாகச் சொன்ன ஒருத்தர் யாரும் இருந்ததில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதற்குள் மாமா போய்ச் சேர்ந்து வெகுநாளாகியிருந்தது, மன்னிப்புக் கேட்கக்கூட ஆளில்லை.

ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? குன்னூரிலிருந்து திரும்பி வந்த அதே லாரியில் நான்கு பெட்டிகளோடு ஊருக்கு இறங்கினோம். நடுவட்டம் தாண்டியதும் மாமாவே டிரைவரிடம் ஆரம்பித்தார். பெட்டியில் இருப்பது என்ன என்று சொன்னார், டிரைவர் அலறியதும் என் முதுகில் தட்டி, "இந்தப் புள்ளதானுங்க காப்பாத்துச்சு, ஒம்பது வயசுதானுங்க ஆகுது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அது சில்லென்று இருந்தது. பெரியப்பாவின் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அதனால்தான் குளிர்கிறது என்று நினைத்து, சேரங்கோடு வரும்வரை அந்தக் கையைத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டே வந்தேன்.