கரண்ட்டுக்கு வெட்டிய குழி

குழி வெட்டி உப்புக் கொட்டினால் என்ன அர்த்தம் என்று எனக்கு ஆறு வயதிலேயே தெரியும். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், பிறந்து கண்கூட சரியாகத் திறக்காத தம்பியை நைனா அப்படித்தான் புதைத்தார். பிள்ளைகள் வரக்கூடாது என்றார்கள். வேலிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டேன். பிரசவப் படுக்கையில் இருந்த அம்மாவையும் வரவிடவில்லை. பிற்பாடும் அந்த இடத்தை யாரும் அவளுக்குக் காட்டவில்லை.

சத்தியவேடு பக்கத்து எங்கள் ஊர் ஆந்திராவுக்கா மதராஸுக்கா என்று பெரியவர்கள் ஓயாமல் வழக்காடிய காலம் அது. வழக்கு தீர்வதற்குள் எங்கள் கிணற்றுக்குக் கரண்ட் வந்துவிட்டது. பாகாலாவில் வயர்மேனாக இருந்த மாமா மோட்டார் வைக்க வந்தார். மோட்டாரின் சக்திக்கு எவ்வளவு கனமான கம்பி வேண்டும் என்று சுவரில் கரியால் கணக்குப் போட்டார். பிறகு கிணற்றடியில் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டினார்கள். நைனா உப்பு மூட்டையைக் கொண்டுவந்து பிரித்தார்.

வீட்டில் கைக்குழந்தையான தங்கச்சிக்குக் காய்ச்சல் விடவில்லை. அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசவும் இல்லை. அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடி வைக்கோலுக்குப் பின்னால் ஒளிந்தேன். உடம்பு நெருப்பாகச் சுட்டது. அழாதே அழாதே என்று கெஞ்சினேன். அழுதாள். மாமா வந்து வைக்கோலை விலக்கினார், பின்னாலேயே அம்மா.

“உப்பு கொட்டிட்டாங்க. பாப்பாவ எடுத்துக்கினு பூடுவாங்க” என்றேன்.

அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா அடிக்கவில்லை. குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாமாதான் என்னைத் தூக்கிப்போய்க் குழியைக் காட்டினார். நடுவில் ஓர் இரும்புக் குழாய், சுற்றிலும் கரியும் உப்பும்.

“இது மனுசாளுக்கு இல்லடி. மோட்டார்ல கரண்ட்டு கசிஞ்சா, தொட்டவங்களப் புடிக்காம இதுவழியா மண்ணுல எறங்கிடும். இது இல்லாம லைன் குடுக்கக் கூடாதுன்னு ரூல்சு.”

குழி காயக்கூடாது, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போனார்.

தங்கச்சி பிழைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் கிணற்றடி என்றாலே நெடுநாள் நடுக்கம். அம்மா போவாள். பொழுது சாயும்போது தண்ணீர் ஊற்றிவிட்டு, வெறுங்குடத்தை இடுப்பில் வைத்தபடி கொஞ்ச நேரம் நிற்பாள். அடைமழையில் குழி மேலே தண்ணீர் தேங்கிக் கிடந்த நாளிலும் ஒரு குடம் கொண்டுபோனாள். மழையில் எதற்கு என்று நைனா கேட்டார்.

“ரூல்சாம்” என்றாள்.

மாமா சொன்னதை அம்மா எவ்வளவு ஒழுங்காகக் கேட்கிறாள் என்று அப்போது நான் நினைத்துக்கொண்டேன்.