மூன்றாவது நகல்

எங்கள் சுங்கத்துறைப் பரிசோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக மாவு சலிப்பவரை நாங்கள் ‘எண்பதக்கா’ என்று கூப்பிடுவோம். வயதைச் சொல்லவில்லை. வயது ஐம்பத்து மூன்றுதான். கப்பலில் வந்து இறங்கும் தானியப் பொடி எதுவானாலும் அவர் மேசைக்கு வந்தாக வேண்டும். அங்கே ஒரு சல்லடை இருக்கிறது. நாலு தலைமுடியைச் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு கனமோ, அவ்வளவுதான் அதன் கண். அதில் கொட்டி ஆட்டினால் நூற்றுக்கு எண்பது பங்காவது கீழே இறங்க வேண்டும். இறங்கினால் சுங்கப் பட்டியலில் அது மாவு. எழுபத்தொன்பதே முக்கால் இறங்கினால் ரவை. அதற்கு வரி வேறு, அனுமதி வேறு. எரித்துப் பார்த்துச் சாம்பல் கூடுதலாக நின்றால் தவிடு, மாட்டுக்குத்தான் போகும்.

“பாத்தா மாவு மாதிரிதானே மேடம் இருக்கு?” என்று ஏஜெண்டுகள் இழுப்பார்கள்.

“மாதிரிக்கெல்லாம் பட்டியல்ல இடம் இல்லப்பா” என்று சொல்லிவிட்டு அடுத்த பொட்டலத்தைப் பிரிப்பார்.

அவ்வளவு கறார். சல்லடையின் விளிம்பைக் கையால் ஒரு தட்டுத் தட்டினால் இன்னும் கொஞ்சம் இறங்கும், எல்லாருக்கும் தெரியும். அவர் தட்டி நான் பார்த்ததில்லை. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டில் பின்னறையில் இருந்தார். அண்ணி எப்போதாவது மாவைச் சலித்துத் தரச் சொன்னால், “சம்பளம் இல்லாம சலிக்க மாட்டேன் அண்ணி” என்று சொல்வாராம். அப்புறம் சலித்தும் கொடுப்பாராம். சாயங்காலம் புருவத்தில் வெள்ளையோடு அவர் படியிறங்கிப் போவதைப் பார்த்தால், யாருக்கோ பயந்து ஒரே நாளில் நரைத்துப்போனவர் போல இருக்கும். நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

நான் தபால் மேசை எழுத்தர். என் பட்டப்பெயர் முத்திரை. எந்தக் காகிதம் வந்தாலும் என் கை முதலில் தேதி முத்திரையைக் குத்திவிடும், படிப்பதெல்லாம் பிறகுதான்.

ஒரு மழைக்காலத்தில் பரிசோதனை அறையின் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் நின்றுபோனது. காற்றில் ஈரம் ஏறினால் பொடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சல்லடைக் கண்ணில் அடைக்கும், இறங்க வேண்டியது இறங்காது. எண்பதக்கா அன்றைக்கே கடிதம் எழுதிக்கொண்டு வந்தார். இயந்திரம் பழுது, சரி செய்யும்வரை சலிப்பு முடிவுகளை இறுதியாகக் கொள்ளக் கூடாது என்று எழுதியிருந்தார். நான் முத்திரை குத்தினேன். அவர் போன பிறகு எண்ணிப் பார்த்தால் இரண்டு நகல்தான் இருந்தது. பழுதுப் பிரிவுக்குப் போகும் காகிதத்துக்கு மூன்று நகல் வேண்டும். மூன்றாவதைக் கேட்டு வாங்கலாம் என்று இரண்டையும் மேசை இழுப்பறையில் போட்டேன். போட்டதை மறந்தேன். பத்தடி நடந்து போய்க் கேட்டிருக்கலாம். சோம்பேறித்தனம், வேறென்ன.

கடிதம் கோப்பில் ஏறிவிட்டது என்று அவர் நம்பினார். மேலதிகாரியோ துறைமுகத்தில் பெட்டிகள் குவிகின்றன என்று கழுத்தைப் பிடித்தார். அதனால் அக்கா சலித்தார். பொட்டலங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அந்த வாரம் ஒரு பார்லி மாவுப் பொட்டலம். மூன்று முறை சலித்தார். சராசரி எழுபத்தொன்பதே கால். ‘மாவு அல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் நாள், அவருடைய அண்ணன் கையில் அந்த அறிக்கையோடு எங்கள் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் அடுத்தவன் பேக்கரியில் அடுப்படியில் நின்றவர். இருந்ததையெல்லாம் போட்டுச் சொந்தமாக மாவு வியாபாரம் தொடங்கி, முதல் சரக்காகப் பார்லி மாவை இறக்கியிருக்கிறார். தங்கை பெயரைச் சொல்லிக் காரியம் சாதித்தான் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்று அக்காவிடம் மூச்சு விடவில்லை. மாவுக்குத்தான் அனுமதி வாங்கியிருந்தார். வந்தது மாவு இல்லை என்றால் சரக்கு வெளியே வராது.

எண்பதக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தார். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

“இது உன் கையெழுத்துதானே?”

அக்கா காகிதத்தை வாங்கிப் பொட்டல எண்ணைப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

“உங்களுதுன்னு தெரியாதுண்ணே.”

“தெரிஞ்சிருந்தா?”

அண்ணனே சொன்னார். “தெரிஞ்சிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்ப. எனக்குத் தெரியும்மா.” திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

அண்ணன் மேல்முறையீடு செய்தார். அதே சரக்கிலிருந்து வழக்கம்போல எடுத்து வைத்திருந்த இரண்டாவது பொட்டலத்தை அதிகாரிகள் முன்னால் பிரித்தார்கள். வைப்பறையிலும் அதே ஈரம்தான். மாவுக்குள் வண்டு ஊர்ந்தது. வண்டு விழுந்ததைச் சோதிக்க விதி இல்லை. மிச்சம் ஒரே ஒரு வழி இருந்தது. முதல் சோதனை நடந்த அன்று அறை சரியில்லை என்பதற்குக் காகிதம் காட்டினால் அறிக்கை ரத்தாகும், சரக்கிலிருந்து புதிதாக எடுத்துச் சோதிப்பார்கள்.

எண்பதக்கா நேராக என் மேசைக்கு வந்தார். பல நாள் கழித்து அவர் முகத்தில் ஒரு தெளிச்சி.

“தம்பி, இயந்திரம் பழுதுன்னு ஒரு லெட்டர் குடுத்தேனே, அதை எடுத்துக் குடுப்பா. அது போதும், அண்ணன் பொழைச்சுக்குவாரு.”

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு இழுப்பறை ஞாபகம் வந்தது. கடிதத்தில் தேதியோடு என் முத்திரை. ஏற்கெனவே ஒரு கோப்பைத் தூங்கவிட்டதற்கு எச்சரிக்கை வாங்கியவன் நான். இன்னொன்று என்றால் வேலை போய்விடும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். இதெல்லாம் சமாதானம் என்று எனக்கே தெரிகிறது.

“அப்படி எதுவும் வரலையே அக்கா” என்றேன். “எதுக்கும் தேடிப் பாக்குறேன்.”

இரண்டு நாள் தேடினேன். அலமாரியைக் கவிழ்த்தேன், பழைய கட்டுகளைப் பிரித்தேன், தும்மித் தும்மிக் கண் சிவந்தது. பூட்டிய இழுப்பறையை மட்டும் தொடவில்லை. அக்கா பக்கத்திலேயே நின்று கட்டுகளை எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“குடுத்த மாதிரியே இருக்கு தம்பி.” கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தார். “மாதிரி இருக்குன்னு சொன்னா யாரு ஒத்துக்குவா. எழுதணும்னு நெனச்சு எழுதாமலே விட்டிருப்பேன் போல.” எழுந்து போகும்போது திரும்பி, “ரெண்டு நாளா எனக்காக இவ்வளவு தூசி தின்னியே, அதுவே பெரிசு” என்றார்.

பிரித்த கட்டுகளை நான் திரும்பக் கட்டினேன்.

மேல்முறையீடு தள்ளுபடியானது. பார்லியைத் துறைமுகத்துக்கு வெளியே பள்ளம் தோண்டிக் கொட்டி மூடினார்கள். கடைசி மூட்டைவரை அண்ணன் நின்று பார்த்ததாக லாரிக்காரர் சொன்னார். பிறகு வீடு போனது. அண்ணனும் அண்ணியும் வேறு ஊருக்கு, அண்ணியின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள். நீயும் வா என்று இவரை யாரும் கூப்பிடவில்லை. அலுவலகத்துக்குப் பின்தெருவில் ஒற்றை அறை எடுத்திருக்கிறார்.

மூன்று வருடம் ஆகிறது. எண்பதக்கா இப்போது ஒவ்வொரு பொட்டலத்தையும் ஏழெட்டு முறை சலிக்கிறார். வேலை தேங்குகிறது, சின்னப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். கடைசி எடை போட்டதும் என் மேசைக்கு வந்து நிற்பார்.

“தம்பி, தராசுல என்ன காட்டுதுன்னு கொஞ்சம் வந்து பாரேன். என்னை நானே நம்புறதில்ல இப்ப.”

நான் எழுந்து போகிறேன். எண்ணைப் படித்துச் சொல்கிறேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிறார்.