பதம் பார்க்காமல் கொடுத்த பல்சக்கரம்

அம்மா இறந்து ஆறு வாரமாகிறது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு காலைப்பொழுதுதான் நினைவுக்கு வருகிறது. அன்று பயந்தது போல நான் வேறு என்றைக்கும் பயந்ததில்லை.

அம்மா சைக்கிளுக்குப் பல்சக்கரம் செய்தவள். பின்சக்கரத்தின் நடுவே, ஹப்புக்குள்ளேயே கியர் ஒளிந்திருக்கும் சைக்கிள்களுக்கு மட்டும். அந்த ஹப்பின் மேல் பல்சக்கரம் மூன்று சின்னக் காதுகளால் கவ்வி உட்கார்ந்திருக்கும். கடையில் கிடைக்கும் சக்கரத்தை வைத்து மேடு ஏறினால் முழங்கால் கழன்றுவிடும். கூடுதல் பல் வேண்டுமென்றால் அம்மாவிடம்தான் வர வேண்டும். ஊரில் அவளுக்குப் பெயர் பல் டாக்டர். "எங்க, வாயத் தொறங்க பாப்போம்" என்று சொல்லிக்கொண்டேதான் சக்கரத்தைக் கழற்றுவாள்.

வாயால் சொல்லும் அளவை ஏற்கமாட்டாள். "ஹப்பக் கொண்டாங்க. பழைய சக்கரத்த அளந்தா தேய்மானத்தயும் சேத்து செஞ்சு குடுத்துருவேன்" என்பாள். காதுகள் உட்காரும் ஒவ்வொரு பள்ளத்தையும் வெர்னியர் அளவுகோலால் மூன்று முறை அளப்பாள். வெட்டி முடித்த சக்கரத்தைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குவாள். அப்போது எஃகு கண்ணாடி போல விறைத்துவிடும். ஓங்கி ஒரு அடி விழுந்தால் உடையும். இருநூறு டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால்தான் பதம் வரும். அதற்கு எங்கள் சமையலறை ஓவன். உள்ளே வைக்கும் முன் ஒரு பக்கத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிட்டு, வெளியே எடுத்ததும் அதில் வைக்கோல் நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பாள்.

மேட்டுவீட்டு டீச்சருக்கு இருபத்திரண்டு பல் சக்கரம் செய்தபோது அந்த நிறத்தை மட்டும் பார்க்கவில்லை. டீச்சர் வாசலில் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். ஓவனில் இருந்த தட்டு வெதுவெதுப்பாக இருந்ததால் பதம் வந்துவிட்டது என்று நினைத்தாள். மாட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை, கூடவே செய்த இன்னொரு சக்கரத்தின் பிசிறை எடுக்க அரத்தை வைத்தாள். அரம் வழுக்கியது. மறுபடி வைத்தாள். கீறல்கூட விழவில்லை; பதம் வந்த எஃகை அரம் கொஞ்சமாவது கடிக்கும்.

"நேத்து ஓவன்ல இருந்த தட்ட யார் தொட்டது?"

"நான்தான், பல் டாக்டரம்மா" என்றார் அப்பா. "ரொட்டி சூடு பண்ண எடுத்தேன். திரும்ப உள்ள வச்சுட்டேனே."

"வச்சப்ப ஓவன் எரிஞ்சுதா?"

ரொட்டி சூடானதுமே அப்பா ஓவனை அணைத்திருந்தார். சிரிப்பு முகத்திலேயே காய்ந்து நின்றது.

எனக்கும் புரிந்தது: டீச்சரின் சக்கரமும் இதே தட்டில்தான் இருந்தது. நான் அப்போது படித்துக்கொண்டிருந்ததே உலோகவியல்தான். டீச்சரின் சைக்கிளில் முன் பிரேக் அறுந்து ஒரு மாதம். பின் பிரேக் ஹப்புக்குள். மிதியைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும். அந்த அழுத்தம் முழுக்க மூன்று காதுகள் மேல்தான் விழும். எட்டு மணிக்கு அவர் மகளைப் பின்னால் உட்காரவைத்து இறக்கத்தில் இறங்குவார். கீழே லாரிச் சாலை. மணி ஏழு ஐம்பது.

டீச்சருக்குப் போன் அடித்தோம், எடுக்கவில்லை. அம்மா ஸ்பேனர்களை அள்ளி ஸ்கூட்டர் பெட்டியில் போட்டாள். ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் சாலையில் எதுவும் கிடக்கக் கூடாதே என்று பார்த்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்த பிடியில் தையல் விட்டது.

மூன்றாவது வளைவில் டீச்சரும் மகளும் எதிரே வந்தார்கள். "நில்லுங்க" என்று கத்த வாயெடுத்தேன். அம்மா பின்னாலிருந்து என் வாயைப் பொத்தினாள்.

"கத்தாத. பதறி மிதிச்சிருவாங்க."

ஓங்கி மிதித்தால் உடையும். மெல்ல மிதித்தால் தாங்கலாம். "தாங்கலாம்" என்பது கணக்கே இல்லை. ஆனால் வேறு கணக்கும் இல்லை.

நான் ஸ்கூட்டரை நிறுத்த, அம்மா இறங்கிச் சாலையோரம் நின்றாள். கடைக்குப் போகிற வழியில் பார்த்தவள் போலச் சிரித்தாள்.

"என்ன டீச்சர், இன்னிக்கு சீக்கிரமே கெளம்பிட்டீங்க? மெதுவா வாங்க, மெதுவா."

"பல் டாக்டரா! மேட்டுல பஞ்சு மாதிரி ஏறுது, போங்க!"

டீச்சர் மிதியைப் பின்னால் அழுத்த, செயினின் கீழ்ப்பக்கம் விறைத்தது. ஒரு 'டிக்' கேட்டது. சைக்கிள் நிற்காமல் நகர்ந்துகொண்டே வந்தது. அம்மா இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து, முன்சக்கரத்தைத் தன் காலிடுக்கில் வாங்கிக்கொண்டாள்.

"பாப்பாவ எறக்குங்க. மொதல்ல பாப்பாவ."

இறக்கியதும் சொன்னாள். "பதம் வரல டீச்சர். பாக்காம குடுத்துட்டேன். தப்பு என்னோடது." அப்பாவைப் பற்றியோ ரொட்டியைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

டீச்சர் கீழே லாரிச் சாலையைப் பார்த்தார். "நேத்து சாயங்காலமும் இவள வச்சுக்கிட்டு எறங்குனேனே" என்றார்.

"ஸ்கூல் மணி அடிச்சிரும்மா" என்றாள் மகள்.

அம்மா ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து அங்கேயே குத்துக்காலிட்டாள். இறுகியிருந்த நட்டு முதல் திருப்பில் அசையவில்லை. நான் கை நீட்டினேன்.

"விடு. நான் மாட்டுனது."

பல்சக்கரம் கழன்று வந்தபோது ஒரு காது தனியாக அவள் உள்ளங்கையில் விழுந்தது. மற்ற இரண்டிலும் மயிரிழை போல விரிசல். கையை மூடிக்கொண்டிருக்கலாம். டீச்சர் இன்னும் பார்த்திருக்கவில்லை. அம்மா எழுந்து, அவர் முகத்துக்கு நேரே கையை விரித்துக் காட்டினாள்.

டீச்சர் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே இறங்கினார். அதற்குப் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை. அவரைக் குறை சொல்ல அம்மா யாரையும் விட்டதில்லை.